தகரப் பெட்டியும் வெளி வன்தட்டும்

குடும்பத்துக்கு இன்றியமையாத காகிதங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இட்டுப் பூட்டி வைப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நிலப் பத்திரம், பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் ஜாதகம், முன்னோரின் புகைப்படம் ஆகிய யாவும் அப்பெட்டியினுள் அடங்கியிருக்கும். பிழைப்பை நாடி மாநிலம் விட்டு மாநிலம் சென்ற குடும்பங்களில் இப்பெட்டிக்குத் தனி மதிப்பு உண்டு. தாம் எங்கிருந்து வந்தோம், எப்பொழுது வந்தோம், எந்த உரிமையோடு இங்கே வாழ்கிறோம் என்ற வினாக்களுக்கு விடை அதற்குள்ளேதான் இருக்கிறது.

இன்று அப்பெட்டியின் வேலையில் ஒரு பெரும் பகுதியை வீட்டுக் கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது. சான்றுகளின் படிகள், வங்கிக் கணக்குத் தாள்கள், கல்யாணப் படங்கள், மறைந்த பெரியோரின் குரற்பதிவுகள் ஆகியவை கணினியில் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் தகரப் பெட்டி முப்பது ஆண்டுகள் உழைக்கும். கணினியின் உள்ளிருக்கும் தட்டு என்று நின்றுபோகும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே அதிலுள்ளவற்றுக்கு மற்றொரு படி, கணினிக்குப் புறத்தே இருத்தல் வேண்டும். இதற்குக் கடைகளில் கிடைக்கும் எளிய சாதனமே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று வழங்கப்படும் வெளி வன்தட்டு. அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எத்தனை வாங்குவது, வாங்கியபின் எங்கே வைப்பது என்பவற்றைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ் மக்களை முன்னிறுத்தி இங்கே கூற எண்ணுகிறோம். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்களுக்கும் இவற்றிற் பெரும்பாலானவை பொருந்தும்.

இவ்வெல்லைப் பகுதிகளில் பழைய காகிதம் ஏன் இத்துணை முக்கியத்துவம் பெறுகிறது என்பதை முதலில் நோக்குவோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது. அதற்கு அண்மையிலுள்ள சித்தூரோ முன்னர்க் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும், அதன்பின் கேரளத்தின் கோட்டயம் ஜில்லாவிலும் இருந்து, 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தபோது அதனுள் வந்தன. இதன் பயனாக, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக் காகிதங்கள் வெவ்வேறு அரசுகளின் முத்திரையோடு, தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் இருக்கக் காண்கிறோம். பாட்டனார் பெயர் ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். இவ்விரு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று கிராம அலுவலகத்தில் சான்று பெறுவதற்குங்கூடப் பழைய காகிதங்களைத்தான் காட்டவேண்டும்.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு இத்தேவை மேலும் மிகுதி. அவர்களுட் பலர் நிலம் உடையவர் அல்லர். குடியிருக்கும் லயமும் தோட்டத்துக்கே சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து புறப்படவேண்டும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்ததற்குத் தோட்டத்துப் பதிவேடும், பள்ளிக்கூடப் பதிவேடும், தேவாலயப் பதிவேடுமே சாட்சி. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குரிய சாதிச் சான்றைக் கேரளத்தில் பெறுவதற்கு, 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே தம் முன்னோர் அம்மண்ணில் நிலையாகக் குடியிருந்தனர் என்று அவர்கள் மெய்ப்பிக்கவேண்டியிருக்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயமாகக்கூடும் என்பதற்குத் தேவிகுளம் தொகுதி வழக்கு ஒன்றே போதும். அத்தனித் தொகுதியில் 2021-இல் நடந்த தேர்தலின் முடிவு செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அத்தீர்ப்பை நீக்கி, வென்றவரின் வெற்றியை உறுதிசெய்தது. குடும்பத்தார் எந்த ஆண்டில் அங்கே குடியேறினர், தேவாலயப் பதிவேட்டில் எழுதியிருப்பது யாது என்பவை அவ்வழக்கில் நுணுகி ஆராயப்பட்டன. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கே இந்நிலை என்றால், கல்லூரியில் இடம் கேட்டுச் செல்லும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அவள் பாட்டியின் பழைய சம்பளச் சீட்டு எத்துணை மதிப்புடையது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, அழிவு எவ்வெவ்வழியாக வருகிறது என்பதைப் பார்ப்போம். 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தமையால் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று பெரியோர் கூறும் பெருவெள்ளம், மூணாற்றின் மலை ரயிற்பாதையையே துடைத்துச் சென்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் முழுவதிலும் எண்ணற்ற குடும்பங்கள் தம் சான்றுகளை இழந்தன. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி லயங்களின்மேல் மலை சரிந்தது. காணாமற்போனவர் உட்பட 70 பேர் மாண்டனர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பங்களே அவர்களுட் பல. அங்கே வீடு எது, அலமாரி எது, பெட்டி எது என்று பிரித்தறியவும் வழியில்லாது போயிற்று.

மழையும் மண்ணும் மட்டுமே பகையல்ல. 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்ற கணினி நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, பாலக்காட்டிலுள்ள தென்னக ரயில்வேயின் கோட்ட அலுவலகக் கணினிகள் சிலவற்றையும் அது தாக்கியது. கோப்புகளையெல்லாம் எவரும் படிக்கவொண்ணாத குறியீடாக மாற்றிவிட்டு, மீட்டுத்தரப் பணம் கேட்பது அதன் தொழில். கோட்ட அலுவலகத்துக்கு வந்தது வீட்டுக் கணினிக்கு வராது என்று எண்ணியிருத்தல் தகாது. இடியும் மின்னலும், கை தவறி அழித்துவிடுவதும், திருட்டும் இப்பட்டியலில் சேரும்.

இவ்வபாயங்களை ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். கணினியோடு எப்பொழுதும் பிணைத்து வைக்கப்பட்ட தட்டை நச்சுநிரலும் மின்னலும் கணினியோடு சேர்த்தே அழிக்கும். கணினி இருக்கும் அதே வீட்டில் வைக்கப்பட்ட தட்டை வெள்ளம் வீட்டோடு சேர்த்தே கொண்டுபோகும். ஆகவே, எந்தக் கம்பெனியின் தட்டு சிறந்தது என்பது இரண்டாவது வினாவே. முதல் வினா, அது எங்கே இருக்கப்போகிறது என்பது. இதனால்தான், கையிலுள்ள பணத்துக்குப் பெரிய தட்டு ஒன்றை வாங்குவதைவிடச் சிறிய தட்டுகள் இரண்டை வாங்குக என்று நாம் வற்புறுத்துகிறோம்.

தட்டின் வகைகளைச் சுருக்கமாக அறிவோம். முதன்முதலில் வன்தட்டு அமைந்த கணினியை ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது, மாநிலங்கள் பிரிந்த அதே 1956-ஆம் ஆண்டில்தான். ஈரடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டு, ஒரு டன் அளவு எடையோடு இருந்த அந்த யந்திரம் ஐம்பது லட்சம் எழுத்துகளையே கொள்ளும். கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்றே இன்று அதை நிரப்பிவிடும். அளவு சுருங்கியதேயன்றி அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு வேகமாகச் சுழல்கிறது. அதன்மேல் கண்ணுக்குப் புலனாகாத நெருக்கத்தில் ஒரு முனை மிதந்தவண்ணம் எழுதுகிறது, படிக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் அம்முனை தட்டில் உராய்ந்துவிடும். உள்ளிருப்பவை அத்தோடு போயின எனலாம்.

இவ்வகைத் தட்டுகளிலும் இரண்டு உண்டு. உள்ளங்கையில் அடங்கும் இரண்டரை அங்குலத் தட்டுக்குக் கணினியிலிருந்தே மின்சாரம் கிடைத்துவிடும். மூன்றரை அங்குலத் தட்டு பெரியது. தனி மின்கம்பி வேண்டும். ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதற்கு உரியது. வீட்டுக்கும் சொந்த ஊருக்குமாக எடுத்துச் செல்லவேண்டியிருப்பதால் சிறியதே நமக்குத் தக்கது.

மூன்றாவதாக எஸ்.எஸ்.டி. என்று ஒன்று உண்டு. இதில் சுழலும் உறுப்பு ஏதுமில்லை; சில்லுகளில் மின்னேற்றமாக யாவும் பதிகின்றன. விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும், வேகமும் மிகுதி. தோட்டப் பாதையில் ஜீப்பில் குலுங்கிச் செல்வோருக்கு இது நல்லது. ஆயினும் ஒரே கொள்ளளவுக்கு விலை கூடுதல். மேலும், மின்சாரம் ஊட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்டால் மின்னேற்றம் மெல்லக் கசிந்து பதிவு குன்றக்கூடும். வெப்பம் மிக்க இடத்தில் இக்கசிவு விரைவுறும். ஆகவே எடுத்துச் செல்லும் படிக்கு எஸ்.எஸ்.டி.யும், இருந்த இடத்தில் இருக்கும் படிக்குச் சுழலும் தட்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். வசதியில்லையேல் இரண்டும் சுழலும் தட்டாகவே இருப்பினும் குறையில்லை.

கொள்ளளவு எவ்வளவு வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்கேன் செய்த காகிதம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் என்றால், ஆயிரம் பக்கம் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு படம் நான்கு மெகாபைட் என்று கொண்டால், பத்தாயிரம் படங்களுக்கு நாற்பது ஜிகாபைட். காணொளி மட்டுமே இடத்தை விழுங்குவது. ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு முதல் எட்டு ஜிகாபைட் வரை செல்லும். எனவே சாதாரணக் குடும்பத்துக்கு ஒரு டெராபைட் தட்டு தாராளமாகப் போதும். கல்யாணக் காணொளிகள் நிறைய வைத்திருப்போர் இரண்டு டெராபைட் வாங்கலாம். கணினியில் இன்று எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அதைப்போல் இருமடங்கு என்பது நல்ல அளவுகோல். ஒரு டெராபைட் தட்டு விண்டோஸ் கணினியில் 931 ஜிகாபைட் என்று தோன்றும். இது ஏமாற்று அன்று, எண்ணும் முறையில் உள்ள வேறுபாடே.

இணைப்பையும் கவனிக்கவேண்டும். தட்டு யு.எஸ்.பி. 3.0 அல்லது அதற்குப் பிந்திய வகையாக இருத்தல் நலம். பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் ஐந்நூறு ஜிகாபைட்டைப் படியெடுக்க நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிய துளையில் சுழலும் தட்டும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் மலைப்பகுதியில் இவ்வேறுபாடு சிறியதன்று. நம் கணினியிலுள்ள துளை பழைய அகன்ற வகையா, புதிய சிறிய ‘சி’ வகையா என்று பார்த்து, அதற்கேற்ற கம்பியோடு வாங்கவேண்டும். விண்டோஸ் கணினியிலும் ஆப்பிள் கணினியிலும் மாறிமாறிப் பயன்படுத்துவோர் தட்டை ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் அமைத்துக்கொள்வது பொருந்தும்.

கடைக்குச் செல்கையில் விழிப்பு வேண்டும். சுழலும் வன்தட்டின் உட்பகுதியை இன்று உலகில் செய்வோர் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவரே. இம்மூவருள் எவருடையதாயினும் வீட்டுக்குப் போதுமானது. ஆனால் பதினாறு டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று எழுதி மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பெட்டிகளைத் தொடவும் கூடாது. உள்ளே ஒரு சிறிய நினைவட்டையை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். அதில் இடும் கோப்புகளின் பெயர் மட்டும் தெரியும். திறந்தால் ஒன்றும் இராது. முத்திரை உடையாத பெட்டியும், தொடரெண் குறித்த ரசீதும் கேட்டு வாங்கவேண்டும். வாங்கியவுடன் ‘எச்-2-டெஸ்ட்-டபிள்யூ’ போன்ற இலவச நிரலால் தட்டை முழுவதும் நிரப்பிச் சோதித்தல் நன்று. உத்தரவாதம் என்பது தட்டுக்கே உரியது, உள்ளிருப்பவற்றுக்கு அன்று என்பதையும் நினைவிற் கொள்க. பழுதுபட்டால் புதிய தட்டு தருவார்கள். பாட்டியின் படத்தைத் தரமாட்டார்கள்.

பாலக்காட்டுக்கும் மூணாற்றுக்கும் தட்பவெப்பம் நேர்மாறானது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டும். கையடக்கத் தட்டுகள் பலவற்றின் செயல்வரம்பு 35 பாகை வரை என்றே அட்டையில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே கோடைப் பகலில் படியெடுத்தலைத் தவிர்த்து, அதிகாலையிலோ இரவிலோ செய்வது சிறந்தது. தகர ஓட்டின் கீழோ பேருந்தின் முன்கண்ணாடி அருகிலோ தட்டை வைக்கலாகாது. மூணாற்றிலோ பகை ஈரம். இறுக மூடும் டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கவேண்டும். மலைக்குளிரில் இருந்த தட்டைச் சமவெளிக்குக் கொண்டுவந்தவுடன் கணினியில் பொருத்தினால், குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் வியர்க்கும். பையிலேயே சில மணி நேரம் விட்டுவைத்துப் பின்னர் எடுத்தல் வேண்டும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மாலை இடி மிகுதியாதலால், படியெடுத்து முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்க.

இரண்டு தட்டுகளையும் வாங்கிய பின் செய்யவேண்டுவது யாது? பீட்டர் குரோக் என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற விதி இதற்கு வழிகாட்டும். எதற்கும் மூன்று படிகள். அவை இருவகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறிடத்தில். எல்லைத் தமிழருக்கு இவ்வேறிடம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. மூணாற்றுக் குடும்பத்துக்குப் போடியிலோ கயத்தாற்றிலோ உறவினர் வீடு உண்டு. பீருமேட்டாருக்குக் கம்பத்தில் உண்டு. சித்தூர்க்காரருக்குப் பொள்ளாச்சியிலும் கோவையிலும் உண்டு. ஒரு தட்டு நம் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று மலைக்கு அப்பால் அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குச் செல்கையில் இதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதை எடுத்துவரலாம். தட்டு ஆண்டுக்கு இருமுறை மாறும்; படியும் புதுப்பிக்கப்படும்; எஸ்.எஸ்.டி.க்கும் மின்சாரம் கிடைத்துவிடும். மும்பையில் உள்ளவருக்குத் திருநெல்வேலியில் உள்ள தங்கை வீடு இவ்விடத்தை வகிக்கும்.

இணையத்தில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். மூன்றாவது படியாக அதுவும் நல்லதே. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் அலுவலகங்களே வழங்கும் சான்றுகள் மூலச் சான்றுக்கு நிகராகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றன. அதை ஒவ்வொருவரும் பயன்படுத்தவேண்டும். ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டும், தேவாலயத்து ஞானஸ்நானச் சீட்டும், மூடப்பட்ட தோட்டத்தின் வேலை அட்டையும் எந்த அலுவலகத்தின் கணினியிலிருந்தும் வாரா. அவை நம் பெட்டியில் மட்டுமே உள்ளன. அவற்றை நாமே படியெடுத்தாலன்றி வேறு எவரும் எடுக்கப்போவதில்லை. ஸ்கேன் செய்த படி மூலப் பத்திரம் ஆகாது என்பது மெய்தான். எனினும் பத்திரத்தின் எண்ணும், தேதியும், எந்த அலுவலகம் என்பதும் அதில் தெரிவதால், மூலம் அழிந்தாலும் சான்றிட்ட நகலைக் கேட்டு விண்ணப்பிக்க வழி பிறக்கும். எண்ணே தெரியாதவர் எதைக் கேட்பது?

படியெடுக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். காகிதத்தின் இருபுறமும், முத்திரையும் ஓரமும் தெரிய, அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்யவேண்டும். கோப்புக்கு ‘பாட்டி, பள்ளி மாற்றுச் சான்று, 1951’ என்பதுபோல் ஆள், பொருள், ஆண்டு மூன்றும் விளங்கப் பெயரிடவேண்டும். ஒருங்குறி வருமுன் பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழ்க் கடிதங்கள் இருப்பின், அவற்றை பி.டி.எஃப். ஆகவும் மாற்றிவைக்க, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். கணினி இல்லாதோர் அக்ஷயா மையத்தில் ஸ்கேன் செய்து வாங்கிக்கொள்ளலாம்; பிறர் கணினியில் நம் படிகள் தங்கிவிடாதவாறு அழிக்கச் சொல்லி வரவேண்டும். விண்டோஸில் உள்ள ‘ஃபைல் ஹிஸ்டரி’யும், ஆப்பிளில் உள்ள ‘டைம் மெஷி’னும் தாமே படியெடுத்துத் தரும்.

ஆதார், வங்கி விவரம் முதலியன அடங்கிய தட்டு பிறர் கையிற் சிக்கினால் தீங்கு விளையும். ஆகவே அதைக் கடவுச்சொல்லால் பூட்டுதல் வேண்டும். கடவுச்சொல் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது ஆபத்து. அவர் மறந்தாலோ மறைந்தாலோ தட்டு வெறும் உலோகமே. அதை ஒரு தாளில் எழுதி, தட்டு இல்லாத மற்றோரிடத்தில் வைக்க. மனைவியோ மக்களோ அறிந்திருக்கட்டும். இதற்குப் பழைய தகரப் பெட்டி இன்றும் ஏற்றதே.

இறுதியாக ஒன்று. படியெடுத்ததோடு வேலை முடிந்ததெனக் கருதுவோர் பலர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் தட்டைப் பொருத்தி, பத்துக் கோப்புகளையேனும் திறந்து பார்த்தால்தான் படி உண்டென்று உறுதி கூறலாம். தட்டில் விசித்திர ஒலி எழுந்தாலோ, திறப்பதற்குத் தாமதமானாலோ, உடனே மற்றதிலிருந்து புதிய தட்டுக்குப் படியெடுத்துவிடவேண்டும். ஐந்தாண்டு கடந்த தட்டை, ஓடினாலும், முதன்மைப் படியாக நம்பலாகாது.

மூலக் காகிதங்கள் பெட்டியில் இருக்கட்டும். அவற்றை எறிந்துவிடுமாறு நாம் கூறவில்லை. ஆனால் இந்த மழைக்காலம் வருமுன், வீட்டிலுள்ள முதியோரை அருகில் இருத்தி, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு காகிதமும் யாருடையது, எந்த ஆண்டினது என்று கேட்டு எழுதிக்கொண்டு படியெடுக்க. காகிதத்தைத் தட்டு காக்கும். காகிதத்தில் எழுதாத செய்திகளை அம்முதியோரே அறிவர். அவற்றையும் அவர்கள் குரலிலேயே பதிந்து, இரு வீடுகளிலும் வைத்துவிடுக.